அனந்தகிருஷ்ணன் எழுத மறுத்த பரீட்சை

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும். பதினான்கு வருஷத்து எரிச்சல் தொண்டையில் நிற்கிறது.

பெயர் அனந்தகிருஷ்ணன். வயது நாற்பத்தொன்று. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, செங்கல் என்கிற ஊரில் வீடு. பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ஆட்டோ பிடித்து "ஜெர்மன் சார் வீடு" என்று சொன்னால் போதும், வழி கேட்காமல் எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். நூற்றுப்பத்து நர்ஸுகளுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுத்து விமானம் ஏற்றி அனுப்பிய மனிதர். ஆனால் அவர் மட்டும் இதுவரை போன தூரம் திருவனந்தபுரம். அதுவும் சாயங்காலம் திரும்பி வந்துவிடுவார்.

நான் ஷீஜா. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷமாக நர்ஸ் வேலை. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டவள்.

ஜெர்மன் படிக்க வேண்டுமென்று அவர் தவமா கிடந்தார்? ஒன்றுமில்லை. பிளஸ் டூ முடித்து ஆங்கில இலக்கியம் சேரத்தான் காலேஜுக்குப் போயிருக்கிறார். அங்கே வரிசை கேட் வரைக்கும் நின்றதாம். பக்கத்துக் கவுண்டரில் ஜெர்மன் வாத்தியார் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெயிலில் நிற்க மடி, அதாவது சோம்பல். அங்கே போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தவர், பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தார். எம்.ஏ.யில் இரண்டாம் ரேங்க் வேறு.

படிப்பு அவருக்குப் பித்தாகவே பிடித்துவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் பல் தேய்க்கும் முன்பே ஜெர்மன் ரேடியோ. குளியலறையில் ஜெர்மன். எங்கள் மகள் சங்கரிக்குத் தொட்டிலாட்டிப் பாடியதும் ஜெர்மன்தான். பிள்ளை தூங்கவில்லை என்பது வேறு விஷயம்.

மாமனார் கைலாசநாதன் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பல்கலைக்கழக முத்திரைக்கு மேலே இந்த உலகத்தில் ஒரு முத்திரை கிடையாது என்று நம்புகிறவர். மகனுடைய எம்.ஏ. சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். வெள்ளிக்கிழமை சாமி படங்களுக்குப் பூ வைக்கும்போது அதற்கும் ஒரு முழம் வைப்பார். 

"எம்.ஏ. எம்.ஏ. தான் ஆக்கும், மக்கா ஷீஜா. அதுக்கு மேல ஒருத்தன் ஒண்ணும் கேக்க முடியாது" என்பார்.

கேட்டார்களே! போன இடமெல்லாம் கேட்டார்கள். "ஜெர்மன் தெரியும், செரி. வேற என்ன தெரியும்?" என்று ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கேட்டார்கள். பூவாரில் ஒரு ரிசார்ட்டில் கேட்டார்கள். ஒரு ஐ.டி. கம்பெனியில், ஜெர்மனோடு கணக்கியலும் தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். எல்லா இடத்திலும் இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஜெர்மன் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் ஏழு வருஷம் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை எழுதினார். இரண்டு தடவை ரேங்க் லிஸ்டில் பெயர் வந்தது. இரண்டு தடவையும் இவர் முறை வரும் முன்னால் லிஸ்டின் காலம் முடிந்துவிட்டது. இதற்கிடையில்தான் வீட்டு முன்னறையில் நர்ஸுகளுக்கு வகுப்பு ஆரம்பித்தார்.

இவருடைய வகுப்புத் தோழன் ஒருவன் உண்டு. லிபின் என்று பெயர், காஞ்சிரங்குளத்துக்காரன். வகுப்பில் கடைசி. இவருடைய நோட்டைப் பார்த்து எழுதித்தான் எம்.ஏ. தாண்டினான். ஆனால் அவன் செய்த காரியம், படிக்கும்போதே கூடவே ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமாவும் முடித்தான். பூவாரில் இரண்டு வருஷம் படகில் வரும் விருந்தாளிகளுக்கு ரிசார்ட்டின் அறைச் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றவன், இப்போது மியூனிக்கில் ஒரு ஹோட்டலுக்கு மேனேஜர். கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்தால் முதல் வேலையாக எங்கள் வீட்டுக்கு வருவான். நன்றியுள்ள பையன்.

"எலே அனந்து, நான் சொல்லுகத கேளு. நீ படிச்சது தங்கம்லே. ஆனா தங்கத்த அப்படியே கடிச்சுத் தின்ன முடியாது. கூட ஒரு டிப்ளமா படி. எது வேணும்னாலும் படி. நான் ஆள பிடிச்சுத் தாறேன்" என்று அவன் ஒவ்வொரு வருஷமும் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தான்.

இவர் என்ன சொல்வார் தெரியுமா? "ஜெர்மன் என்ன ஊறுகாயாலே, வேற ஒண்ணுக்குக் கூட வச்சு நக்க?"

நான் அடுக்களையிலிருந்து கத்துவேன். "ஊறுகா இல்ல, செரி. அப்ப சோறு எங்க?"

லிபின் விழுந்து விழுந்து சிரிப்பான். இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு முழுதும் என்னோடு பேச மாட்டார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஊரெல்லாம் இவர் கொடுத்த புத்தி இதேதான். நர்ஸிங் முடித்த பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றால் போதும். "மோளே, நர்ஸிங் மட்டும் வச்சுக்கிட்டு இஞ்ச என்ன செய்யப் போற? ஜெர்மன் கூடச் சேத்துக்கோ. ரெண்டும் சேந்தா உன்னப் பிடிக்க ஆளில்ல" என்று அரைமணி நேரம் பேசிச் சேர்த்துவிடுவார். அடுத்தவளுக்கு இரண்டு படிப்பு சேர வேண்டும், இவருக்கு மட்டும் ஒன்றே போதும்! இந்த நியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

என்னோடு வார்டில் வேலை பார்த்த ஜெயபாய் இவரிடம் படித்தவள்தான். சேரும்போது மூன்று வார்த்தையை ஒழுங்காகச் சேர்த்துச் சொல்ல வராது. ஒரே வருஷத்தில் பி2 பாஸ் பண்ணிப் பறந்துவிட்டாள். பி2 என்பது அவர்களுடைய பரீட்சையில் நாலாவது படி. அது இருந்தால்தான் ஆஸ்பத்திரிக்காரன் கூப்பிடுவான். இப்போது அவள் பனியில் நின்று போட்டோ அனுப்புகிறாள், கீழே "எல்லாம் சாரோட புண்ணியம்" என்று எழுதி. இவர் அதைப் பார்த்துவிட்டு, எழுதிய வாக்கியத்தை விட்டுவிட்டு, அவள் பின்னால் தெரியும் கடையின் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் பாடம் நடத்துவார்.

எனக்கும் ஜெர்மன் தெரியும். ஆச்சரியப்பட வேண்டாம். முன்னறையில் வகுப்பு, நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் அடுக்களை. பதினான்கு வருஷம் கேட்டால் சுவரும் பேசும். ஆரம்பத்தில் என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தர முயன்றார். மூன்றே நாள்தான் நடந்தது. வாய் திறந்தால் திருத்தம். பாதி வாக்கியத்தில் திருத்தம். மூன்றாம் நாள் புத்தகத்தை அவர் மடியில் எறிந்துவிட்டு எழுந்தேன். அப்புறம் நைட் டியூட்டி இல்லாத நாட்களில் மற்றப் பெண்களோடு பின்வரிசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டேன். அங்கே மாணவிகளிடம் அவர் வேறு மனிதர். அவ்வளவு பொறுமை! ஒரு பெண் வார்த்தை கிடைக்காமல் முழித்தால், அவள் முகம் வாடும் முன்னால் அந்த வார்த்தையை மெல்ல எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்காரியிடம் மட்டும் அந்தப் பொறுமை கிடையாது.

போன இரண்டு வருஷத்தில் வகுப்பு தேய ஆரம்பித்தது. கொச்சியிலிருந்து பெரிய அகாடமிகள் ஆன்லைனில் வந்துவிட்டன. போனிலேயே பாடம் சொல்லித்தரும் ஆப் வந்துவிட்டது. முப்பது பேர் உட்கார்ந்த முன்னறையில் மூன்று பேர். அந்த மூன்றில் ஒருத்தி பாதி நாள் வர மாட்டாள். வகுப்பு நேரத்தில் இவர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. கோபத்தை எல்லாம் திரட்டி ஒரு நாள் நேருக்கு நேர் நின்றேன்.

"ஆஸ்பத்திரி நிர்வாகம்னு ஒரு டிப்ளமா உண்டு. தபால்ல படிக்கலாம். ஒரு வருஷம். நான் ஃபார்ம் வாங்கியாச்சு. ஒப்பு போடுங்க."

"நான் எதுக்குப் படிக்கணும்?"

"நான் சோறு போடணும்னா படிக்கணும்."

கையெழுத்துப் போட்டார். படித்தார் என்று சொல்ல மாட்டேன். நான் படிக்க வைத்தேன். வார்டு என்றால் என்ன, டிஸ்சார்ஜ் எப்படி நடக்கும், இன்ஷூரன்ஸ் பேப்பர் எங்கே போகும் என்று நானே வாயால் சொல்லிக் கொடுத்தேன். நாற்பது வயசில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக்கொண்டு, சங்கரியோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதினார். பாஸும் ஆனார்.

அதற்குத் தக்கபடி, சாமி கண் திறந்தது போல, ஜூன் மாசத்தில் ஒரு விளம்பரம் வந்தது. எங்கள் லேபில் வேலை பார்க்கும் அஜீஷ்தான் போனில் காட்டினான். திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சிகிச்சைக்கு வரும் ஜெர்மன்காரர்களைக் கவனிக்கவும், வெளிநாடு போகும் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஒரு ஆள் வேண்டும். பி2 அல்லது அதற்கு மேல் சர்டிபிகேட், கூட ஆஸ்பத்திரி சம்பந்தமான படிப்பு அல்லது அனுபவம். வயது நாற்பத்திரண்டுக்குள். ஆகஸ்ட் முப்பத்தொன்று கடைசி தேதி.

நான் படித்துவிட்டு அழுதேவிட்டேன். இவரை அளந்து தைத்த சட்டை மாதிரி இருந்தது. மொழி உண்டு. இப்போது டிப்ளமாவும் உண்டு. வயது மட்டும் விளிம்பில். அக்டோபரில் நாற்பத்திரண்டு முடிகிறது, இதை விட்டால் இனி இப்படி ஒன்று வராது.

ஆனால் பி2 சர்டிபிகேட் இல்லை. இவரிடம் எம்.ஏ. இருக்கிறது. பல்கலைக்கழக எம்.ஏ. செல்லாதா என்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "சேச்சி, எம்.ஏ. கொள்ளாம், ஆனா அந்தப் பரீட்சை சர்டிபிகேட்டு நிர்பந்தமாணு" என்றாள் அங்கே இருந்த பெண். எம்.ஏ. நல்லதுதான், ஆனால் பரீட்சை சர்டிபிகேட் கட்டாயமாம்.

இவரிடம் சொன்னதும் பேயாட்டம்தான்.

"நான் பி2 எழுதணுமா? நானா? எனக்க கிளாஸ்ல இருந்து பி2 எழுதினவிய நூத்திப்பத்து பேரு ஆக்கும். அவளுக எழுதுத பரீட்சைய நான் போய் பெஞ்சில இருந்து எழுதணுமா?"

மாமனார் கூடத்தில் இருந்து எழுந்து வந்தார். சுவரில் கண்ணாடிக்குள் இருக்கும் எம்.ஏ.யைக் கைகாட்டினார். "அது இருக்கச்சில இன்னொண்ணு எதுக்கு? அவனுக்கத் தகுதிய எவன் சோதிக்கியது?"

"வேலை தாறவன் சோதிக்கியான் மாமா!" என்றேன். அதற்கு மேல் அவரோடு பேச மரியாதை இடம் கொடுக்கவில்லை. இவரிடம் திரும்பினேன். "செரி. நீங்க எழுதாண்டாம். நான் எழுதுகேன். இந்த வீட்டில ஒரு பி2 சர்டிபிகேட்டு வேணும். அது யாருக்க பேருல இருந்தா என்ன?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். "ஷீஜா, இது கஞ்சி வடிக்கியது இல்ல, கேட்டியா."

அன்றே போனில் பெயரைப் பதிந்தேன். வீம்புக்குத்தான் பதிந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பரீட்சை. மூன்று நாள் கழித்து, நான் அடுப்பங்கரையில் நின்று வாக்கியம் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"நானும் பதிஞ்சாச்சு. நீ தனியா எப்பிடிப் போவ? துணைக்கு ஆக்கும்."

துணைக்காம்! நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்பேன். பின்னே மனசு மாறிவிடுவார்.

பரீட்சையன்று காலை பாறசாலையில் ரயிலேறினோம். நான் நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தேன். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், "சத்தமா வாசிக்காத. எதுவும் திருத்த மாட்டேன். ஆனா அந்த வார்த்தை தப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எழுத்துப் பரீட்சை மூன்றும் காலையில் முடிந்தன. இவர் எல்லாவற்றையும் பாதி நேரத்தில் முடித்துவிட்டுக் கண்காணிப்பாளரை முறைத்துக்கொண்டிருந்தார். மதியம் பேச்சுப் பரீட்சை. இரண்டிரண்டு பேராக உள்ளே கூப்பிடுவார்கள். ஜோடி யாரென்று பார்க்க நோட்டீஸ் போர்டுக்குப் போனேன். என் பெயருக்கு மேலே இவர் பெயர்!

எங்கள் ஊரில் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் எழுத்து முன்னால், நம் பெயர் பின்னால். இவருக்குப் பாஸ்போர்ட் எடுத்தபோது ஃபாரத்தை நிரப்பியவர் மாமனார். ஆபீஸ் வழக்கப்படி முதலில் கைலாசநாதன், கடைசியில் அனந்தகிருஷ்ணன் என்று எழுதிவிட்டார். குடும்பப் பெயர் அனந்தகிருஷ்ணன் ஆகிவிட்டது. எனக்கோ கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட், அதில் கடைசிப் பெயர் வீட்டுக்காரர் பெயர். பரீட்சைக்காரர்கள் குடும்பப் பெயரை வைத்து அகர வரிசைப்படுத்தியிருந்தார்கள். அனந்தகிருஷ்ணன் கைலாசநாதன், அனந்தகிருஷ்ணன் ஷீஜா. ஒன்றன்கீழ் ஒன்று. இரண்டரை மணிக்கு ஒரே அறை, ஒரே மேஜை, எதிரும் புதிருமாக.

"போய்ச் சொல்லலாம். மாத்தித் தருவினும்" என்றேன்.

"மாத்தினா அடுத்த தேதிக்குப் போட்டுடுவான். ரிசல்ட்டு மாசக் கடைசிக்குள்ள வராது" என்றார். அது நியாயம்தான். முதல் தடவையாக அவர் வாயிலிருந்து அந்த வேலையைப் பற்றி ஒரு கவலை வந்தது. அவருக்கும் அது வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் மனசிலாயிற்று. அவரோடு உள்ளே போனேன்.

உள்ளே பரீட்சை நடத்த இரண்டு பேர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு ஜெர்மன் அம்மா, பக்கத்தில் ஒரு மலையாளி சார். ஒரே பெயரைப் பார்த்து அந்த அம்மா புருவத்தை உயர்த்தினார். இங்கே எல்லாருக்கும் அதுதான் குடும்பப் பெயர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கேட்கவில்லை.

முதல் பகுதியில் ஆளுக்கு நாலு நிமிஷம் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு வயதானவர்களைக் கவனிப்பது பற்றி. வார்டில் பதினாறு வருஷமாகச் செய்வதுதானே, தட்டித் தடவிச் சொல்லிவிட்டேன். இவருக்கு நகரத்தில் சைக்கிள் ஓட்டுவது பற்றி. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை பேசும் விஷயம். இந்த மனிதர் என்ன செய்தார்? கேள்வித்தாளைக் கையில் எடுத்து, இந்தக் கேள்வி சரியாக அமைக்கப்படவில்லை என்று ஆரம்பித்தார். எப்படி அமைத்திருக்க வேண்டும் என்று விளக்கினார். அந்த அம்மா இரண்டு தடவை சைக்கிளுக்கு வாருங்கள் என்றார். வந்தாரா? நாலு நிமிஷமும் கேள்வியிலேயே போய்விட்டது. மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன். காலை நகர்த்திக்கொண்டார்.

இரண்டாம் பகுதியில் நாங்கள் இருவரும் விவாதிக்க வேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் மறுக்க, தன் கருத்தைச் சொல்ல. விஷயத்தை அந்த அம்மா வாசித்தார். ஒரு படிப்பு முடித்து வேலையில் இருப்பவர்கள், கூடவே இன்னொரு படிப்பும் படிக்க வேண்டுமா?

நான் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்திருப்பேன். படிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். ஒரு மொழியை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவரை எனக்குத் தெரியும் என்றேன். நண்பர்கள் சொல்லியும் கேட்காதவர், மற்றவர்களுக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் வேண்டாம் என்றவர் என்றேன். பதினான்கு வருஷம் அடுக்களையில் நின்று தமிழில் திட்டியதெல்லாம் ஜெர்மனில் வந்தது. தப்புத் தப்பாக வந்தது, ஆனால் வந்தது. அதற்குக் காரணம் என்று தொடங்கி, பிடிவாதம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வார்த்தை கிடைக்காமல் நின்றேன். உள்ளே சூடு பறக்கிறது, வாயில் வார்த்தை இல்லை.

அவர் மெல்ல அந்த வார்த்தையைச் சொன்னார்.

நான் அதை வாங்கி அவர் மேலேயே எறிந்தேன். ஆமாம், பிடிவாதம்! மேலே பேசினேன். திரும்பவும் நின்றேன். வறட்டு கௌரவம் என்பதற்கு என்ன? அதையும் எடுத்துக் கொடுத்தார். பயம் என்ற வார்த்தை எனக்குத் தெரியும், தோற்றுவிடுவோமோ என்ற பயம் என்று சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை. அதையும் அவரே சேர்த்துக் கொடுத்தார். ஒரு திருத்தம் இல்லை. ஒரு முறைப்பு இல்லை. மாணவிகளிடம் பேசும் அதே குரல். நான் எறிய எறிய அவர் கல் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்து, "உங்கள் கருத்து என்ன? நீங்கள் மறுக்கிறீர்களா?" என்று கேட்டார். இவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "அவர் இன்னும் முடிக்கவில்லை" என்றார்.

நேரம் முடிந்துவிட்டது.

வெளியே வந்து ரயிலேறினோம். எனக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. அவர் தோற்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. எம்.ஏ. ஆயிற்றே. நூற்றுப்பத்து பேரை அனுப்பியவர் ஆயிற்றே.

ஆகஸ்ட் இருபத்தாறாம் தேதி சாயங்காலம் ரிசல்ட் வந்தது. நான் டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், இவர் முன்னறையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாணவிகள் யாரும் இல்லை.

"ஷீஜா, நீ பாஸு. பேச்சில எழுபத்திமூணு" என்றார். முகம் நிறையச் சிரிப்பு.

"உங்களுக்கு?"

வாசிப்பு நூறு. கேட்டல் தொண்ணூற்றாறு. எழுத்து தொண்ணூற்றெட்டு. பேச்சு ஐம்பத்தாறு. ஒவ்வொன்றிலும் அறுபது வேண்டும். அடுத்த பரீட்சை அக்டோபரில். அதற்குள் விளம்பரத்தின் தேதியும் போய்விடும், இவர் வயதும் போய்விடும்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னவோ மழை வரும் என்று சொல்வது போலச் சொல்கிறார். "முப்பத்தொண்ணு வரை நேரம் உண்டு. நீ அப்ளை பண்ணு. பி2 உண்டு. பதினாறு வருஷம் அனுபவம் உண்டு. படிப்பு அல்லது அனுபவம்னுதானே போட்டிருக்கு."

"உங்க வேலைய நான் போய் பிடுங்கவா?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். மாமனார் கூடத்திலிருந்து எழுந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "நாலு மார்க்கு! நாலே நாலு மார்க்கு! அந்த அம்மா கெஞ்சிக் கேட்டாளே, உங்க கருத்து என்னன்னு. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? பதினாலு வருஷமா எனக்க மூஞ்சிக்கு நேர மறுத்து மறுத்துப் பேசின மனுஷன், அஞ்சு நிமிஷம், மார்க்கு போடுத எடத்தில, மறுத்து ஒரு வார்த்தை பேசப்பிடாதா? என்னத்துக்கு வாய மூடிக்கிட்டு இருந்தீங்க? சொல்லுங்க!"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"நீ சொன்னதில ஒண்ணுகூடத் தப்பில்லியே, ஷீஜா. நான் என்னத்த மறுக்கட்டு?"

பதினான்கு வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் சரி என்று ஒத்துக்கொண்டது அந்தப் பரீட்சை நாள் ஒன்றில்தான். அதற்கு அவருக்கு வேறு நாளா கிடைக்கவில்லை?